மேலே இருந்த நான்கு வரிகள்

ஜூன் 3, திங்கள்

சுடலைமுத்து சார் இன்று கூப்பிட்டு நாள் குறித்துவிட்டார். டிசம்பர் 31. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஐந்து வருடமும் அம்போ. கொடுக்க வேண்டுமானால் அதற்கு முன் ஒரு கட்டுரையாவது அச்சில் வந்திருக்க வேண்டும். அதில் என் பெயர் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ இருக்க வேண்டும். மூன்றாவது பெயர் செல்லாது. எங்கள் பல்கலைக்கழகத்தில் சட்டம் அப்படி. நான் எழுதிய ஒரே கட்டுரை இரண்டு பத்திரிகைகளுக்குப் போய் இரண்டிலிருந்தும் திரும்பி வந்துவிட்டது.

சார் நல்ல மனிதர். நண்டின் காலைப் பார்த்தே எந்தக் கழிமுகத்தில் பிடித்தது என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் இரண்டடி தள்ளித்தான் நிற்பார். "அதெல்லாம் நீங்க பாத்துக்கிடுங்கம்மா" என்பார்.

பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் 112 சேற்று நண்டுகளின் டிஎன்ஏ வரிசைகள் இருக்கின்றன. எல்லாம் A, T, G, C என்ற நாலே எழுத்துகள்தான். அவற்றை மும்மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் எந்த அமினோ அமிலம் என்று அட்டவணையில் பார்த்து வரிசையாக எழுதினால் புரதம் வந்துவிடும். இதை ஓர் இணையதளத்தில் ஒவ்வொன்றாக ஒட்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று பதினோராவது நண்டை ஒட்டும்போது நெட் போயிற்று. எரிச்சலில் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டேன்.

கோமதி சிரித்தாள். "நீ நண்டையே ஒழுங்கா உடைக்க மாட்ட. பைத்தான உடைக்கப் போறியாக்கும்."

அவளுக்கும் அதே சார், அதே நண்டு. வேறு ஜீன், அவ்வளவுதான். ஐந்து வருடமாக ஒரே மாடி அறை, ஒரே அடுப்பு, ஒருநாள் விட்டு ஒருநாள் சமையல் முறை. இன்று என் முறை. ரசம் வைத்தேன், உப்பு கூடிவிட்டது.

ஜூன் 8, சனி

நாற்பது வரியில் ஒரு ஸ்கிரிப்ட். நானே எழுதினேன். அட்டவணையில் மொத்தம் அறுபத்து நான்கு சொற்கள். ஒவ்வொன்றையும் கையால் தட்டி, நாலு நாலாக ஒரே வரியில் அடக்கி, கண் எரிய எரியச் சரிபார்த்தேன். பிறகு ஒரு சுழற்சி: முதல் மூன்று எழுத்தை எடு, அட்டவணையில் தேடு, எழுது, அடுத்த மூன்றுக்குப் போ. ஒரு நண்டு முடிந்ததும் திரையில் "சரி, அடுத்தது" என்று தமிழில் வரும்படி வைத்தேன். சார் வாய்வாப் பரீட்சையில் சொல்லுகிற அதே தோரணையில் வரும்.

ஓட்டிப் பார்த்தேன். 112 நண்டும் ஒரு வாய் காப்பி உள்ளே போவதற்குள் முடிந்துவிட்டன. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல் இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

எல்லாம் தப்பு.

ஜூன் 12, புதன்

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. எந்த நண்டை ஓட்டினாலும் புரதம் நாலைந்து எழுத்திலேயே அறுந்து நின்றது. ஸ்கிரிப்டில் தப்பா, நண்டில் தப்பா, என் தலையில் தப்பா என்று தெரியாமல் கோமதியிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் பேசாமல் துணியெல்லாம் துவைத்துப் போட்டாள்.

விஷயம் இன்று மதியம்தான் பிடிபட்டது. என் ஜீன் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது. அது செல்லுக்குள் தனிக்குடித்தனம். டிஎன்ஏ தனி, அட்டவணையும் தனி. செல்லின் நடுவில் உட்கருவில் இருக்கும் ஜீன்களுக்கு TGA என்றால் 'நிறுத்து'. மைட்டோகாண்ட்ரியாவில் அது ஓர் அமினோ அமிலம். AGA என்றால் உட்கரு ஜீனில் R என்ற அமினோ அமிலம். நண்டின் மைட்டோகாண்ட்ரியாவில் அதே AGA, S என்ற வேறொன்றாகிவிடும். ஒரே நண்டு, ஒரே செல், இரண்டு அட்டவணை. ஐந்து வருடம் நண்டோடு குடித்தனம் நடத்தியும் இது என் மண்டையில் உறைக்கவில்லை.

அட்டவணையை மாற்றினேன். புரதங்கள் முழுசு முழுசாக வந்தன. மறுபடி யாரும் இந்தப் பாடு படக்கூடாது என்று ஸ்கிரிப்டின் தலையில் நான்கு வரி எழுதி வைத்தேன். கம்ப்யூட்டர் அந்த வரிகளைக் கண்டுகொள்ளாது. திறந்து பார்க்கிற மனுஷருக்காக எழுதுவது.

எழுதியது: பியூலா சாமுவேல்.
ஜூன் 12.
நண்டின் மைட்டோகாண்ட்ரியா ஜீனுக்கு மட்டும்.
வேறு ஜீனுக்குப் போட்டால் தப்பாக வரும், AGA-வைப் பார்.

ஆய்வகத்தில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். ஆளுக்கொரு பெயர் போட்ட ஃபோல்டர். 'பொது' என்று ஒன்று இருக்கிறது, அதில் இருப்பதை யாரும் எடுக்கலாம். அடுத்தவர் பெயர் போட்டதில் கை வைக்கக் கூடாது. இது எழுதாத சட்டம். என் ஃபோல்டரில் போட்டு வைத்தேன்.

ஜூன் 28, வெள்ளி

கோமதி அவள் நண்டுகளின் புரதத்தையெல்லாம் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டாளாம். தொண்ணூறு நண்டு. "எப்பிடிட்டி?" என்று கேட்டேன். "நானும் பைத்தான் படிச்சிட்டேம்லா. உனக்கு மட்டுந்தான் மூளையா?" என்றாள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்துத்தானே அவளும் ஆரம்பித்திருக்கிறாள். என்ன சந்தேகம் வந்தாலும் கேள் என்றேன். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டாள். சூட்டிகையான பெண், சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை.

கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்திருக்கிறோம்.

ஜூலை 4, வியாழன்

என் கட்டுரை மூன்றாவது இடத்திலிருந்தும் திரும்பிவிட்டது. புதிதாக எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நண்டு புதிதாக எதுவும் சொல்லாவிட்டால் நான் என்ன செய்ய?

ஜூலை 16, செவ்வாய்

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

இன்று துறையில் கருத்தரங்கு. கோமதி பேசினாள். அவள் ஜீன் உட்கருவில் இருப்பது, வெயில் சூட்டைத் தாங்க உதவுகிற புரதத்தைத் தருவது. எங்கள் கழிமுகத்து நண்டில் அந்தப் புரதம் மற்ற ஊர் நண்டுகளிலிருந்து மூன்று இடத்தில் மாறியிருக்கிறது, அதனால்தான் இது இவ்வளவு வெயிலைத் தாங்குகிறது என்றாள். சார் முகம் பூரித்துப்போயிற்று. யாரோ எந்தெந்த இடம் என்று கேட்டார்கள். கட்டுரையில் வரும் என்றாள், கெட்டிக்காரி.

அதுவரை நானும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் "நான் உருவாக்கின ஸ்கிரிப்ட்ட ஓட்டிக் காட்டுதேன்" என்று திரையில் ஓட்டினாள். ஒவ்வொரு நண்டு முடியவும் திரையில் வந்தது: சரி, அடுத்தது. சரி, அடுத்தது. சரி, அடுத்தது.

எல்லோரும் சிரித்தார்கள். சார்கூட, "நம்மள மாதிரியே சொல்லுதே" என்று சிரித்தார். கோமதியும் சிரித்தாள். ஒரு நொடி என்னைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

கருத்தரங்கு முடிந்ததும் நேரே கம்ப்யூட்டருக்குப் போய் அவள் ஃபோல்டரைத் திறந்தேன். ஆமாம், சட்டத்தை நானும் மீறினேன். நாற்பது வரியும் என்னுடையவை. அட்டவணையில் ஓர் இடத்தில் நான் தெரியாமல் விட்ட இரட்டை இடைவெளிகூட அப்படியே இருந்தது. தலையில் இருந்த நான்கு வரியை மட்டும் காணோம். என் பெயரைத் துடைத்துவிட்டாள். எடுத்ததைக்கூட மன்னித்திருப்பேன். உட்கார்ந்து, என் பெயரைப் பார்த்து, நிதானமாக அழித்திருக்கிறாளே.

ஜூலை 17, புதன்

நேற்றுச் சாயங்காலமே கேட்டுவிட்டேன். எனக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"ஏட்டி, அது என் ஸ்கிரிப்ட்தான?"

மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. "எல்லாருக்குமான மெஷின்ல கெடந்துச்சு. பூட்டியா வச்சிருந்த?"

"பக்கத்து வீட்டுக் கொடியில கெடக்குன்னு சேலைய எடுத்து உடுத்துவியா?"

"நாப்பது வரிட்டி. நெட்ல தட்டினா நாலாயிரம் வருது."

"அப்ப அதுல ஒண்ண எடுத்திருக்க வேண்டியதுதான."

கரண்டியைப் போட்டு மாவை இன்னும் வேகமாகக் கலக்கினாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்றேன். "குடுத்திருப்ப. ஆயுசுக்கும் சொல்லியும் காட்டியிருப்ப" என்றாள். அது ஓரளவுக்கு உண்மை, அதனால் கோபம் இன்னும் ஏறிற்று.

"பேர எதுக்கு அழிச்ச? அத மட்டும் சொல்லு."

அடுப்பை அணைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். ஐந்து வருடத்தில் நாங்கள் சேர்ந்து சாப்பிடாத முதல் நாள்.

ஜூலை 19, வெள்ளி

அம்மா சாயர்புரத்திலிருந்து போன் பண்ணினாள். "கோமதி நல்லாருக்காளா? ஒரு வார்த்த அவகிட்ட குடு" என்றாள். குளிக்கிறாள் என்று சொன்னேன். கோமதி எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 22, திங்கள்

சாரிடம் போனேன். பென்டிரைவில் என் மூலப்பிரதியைக் கொண்டுபோய் நான்கு வரியையும் காட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, முதல் வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார். "ஒம் பேருதான் போட்டிருக்கு" என்றார். கோமதியை வரச்சொன்னார்.

"ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான். சண்ட போட்டுக்கிட்டு நிக்காதீங்க. கோமதி மொத பேரு. பியூலா ரெண்டாவது பேரு. நான் கடைசி."

கோமதி தரையைப் பார்த்துக்கொண்டு "சரி சார்" என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், "கெடச்சுதுல்லா? இப்ப நிம்மதியா?" என்றாள்.

ஆமாம், நிம்மதிதான். ஏன் இருக்கக் கூடாது? இரண்டாவது பெயர் செல்லும். டிசம்பரில் ஆய்வேடு கொடுக்கலாம். அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சந்தோஷத்தில் அவள் சர்ச்சில் எல்லோர் முன்னாலும் எழுந்து கர்த்தருக்கு நன்றி சொல்லிச் சாட்சி சொல்லப் போகிறாளாம்.

ஜூலை 25, வியாழன்

கோமதி கட்டுரையை அனுப்பியிருந்தாள். ஒரு வார்த்தை இல்லாமல், வெறும் ஃபைல். மதியம் உட்கார்ந்து படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறாள்.

மூன்றாவது படத்தில் புரத வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறாள். மற்ற ஊர் நண்டுகளின் புரதம் வேறு ஆட்கள் ஏற்கெனவே வெளியிட்டது; அவற்றில் R இருக்கிற மூன்று இடத்தில் நம் நண்டில் S இருக்கிறது. மூன்று இடத்திலும் S. அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம்.

அதைப் பார்த்ததும் வயிற்றில் என்னவோ போல் இருந்தது. காலையில் சாப்பிட்ட தேங்காய்ச் சட்னி பழசு, அதனால் இருக்கும். அந்த மூன்று இடத்திலும் டிஎன்ஏவில் என்ன இருக்கிறது, AGA-வா என்று பார்க்க வேண்டுமானால் அவளுடைய மூல வரிசையைத் திறக்க வேண்டும். அடுத்தவர் ஃபோல்டரைத் திறப்பது முறையில்லை. தவிர, துணி ஊறப்போட்டிருந்தேன்.

இரண்டு பெட்ஷீட், நாலு சுடிதார். பிழிந்து பிழிந்து கை வலிக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கட்டுரையை முழுதும் படித்தேன், முடிவுகளுக்கு நானும் பொறுப்பு என்று ஒரு வரி. எல்லோரும் போடுகிற கையெழுத்துதான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மூன்றே வாரம். பரிசீலித்தவர் ஒருவர் 'மிக முக்கியமான கண்டுபிடிப்பு' என்று எழுதியிருக்கிறார். சார் அந்த வரியைத் தாளில் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார்.

கோமதி இப்போது கொஞ்சம் பேசுகிறாள். இன்று அவள் முறை. எனக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வாங்கி வந்திருந்தாள், அவள் சைவம், தொடமாட்டாள். நான் சாப்பிட்டேன். இறங்கவில்லை. உப்புக் கரித்தது என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கட்டுரை வெளிவந்துவிட்டது. துறையில் பாராட்டுக் கூட்டம். சாருக்குப் பொன்னாடை. முப்பது வருடத்தில் அவருக்கு யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை. மேடையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோமதி பேசினாள். சாருக்கு நன்றி, துறைக்கு நன்றி, நண்டு பிடித்துத் தந்த புன்னைக்காயல்காரர்களுக்கு நன்றி. "கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே தெரியாம இருந்தேன். நானே ராவும் பகலும் கஷ்டப்பட்டு பைத்தான் படிச்சு ஸ்கிரிப்ட் எழுதினேன். முடியும்னு நெனச்சா முடியும்" என்றாள். முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் அவள் வாயில் வரவே இல்லை.

இரண்டாம் தடவை. முதல் தடவை யாருக்கும் தெரியாமல் அழித்தாள், இப்போது நூறு பேர் முன்னால் அழித்தாள். நான் கை தட்டினேன். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகத் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் அங்கே அவ்வளவு உயரத்தில் நிற்பதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. எதனால் என்று இங்கே எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 11, புதன்

வெளிநாட்டிலிருந்து யாரோ ஒரு மாணவி பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். கட்டுரையோடு நாங்கள் வெளியிட்ட டிஎன்ஏவை அவள் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தாளாம். மூன்று மாற்றத்தில் ஒன்றுகூட இல்லையாம். மூன்று இடத்திலும் AGA, மூன்றும் சாதாரண R. மைட்டோகாண்ட்ரியா அட்டவணையைத் தவறுதலாகப் பயன்படுத்தினீர்களா என்று பணிவாகக் கேட்டிருக்கிறாள். பதினாலு நாளில் விளக்கம் வேண்டும் என்று பத்திரிகை கேட்கிறது.

சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "இது என்னதும்மா சொல்லுதா இந்தப் புள்ள?" என்றார். அவருக்குப் புரியவில்லை. கோமதிக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு சாரைப் பார்த்துச் சொன்னாள்.

"சார், ஸ்கிரிப்ட் பியூலா எழுதினது."

ஜூலை மாதத்திலிருந்து அவள் வாயால் கேட்க வேண்டும் என்று நான் தவமாய்த் தவம் கிடந்த வாக்கியம் இது.

செப்டம்பர் 12, வியாழன்

அதோடு விட்டாளா, இல்லை. எழுத்திலும் கொடுத்துவிட்டாள். "ஸ்கிரிப்டை பியூலா தானாகவே என்னிடம் கொடுத்தாள். எல்லா ஜீனுக்கும் சரியாக வரும் என்றும் சொன்னாள். நம்பிப் பயன்படுத்தினேன்."

வீட்டில் கேட்டேன். "நான் எப்பட்டி குடுத்தேன்? வாய் கூசாம எழுதியிருக்கியே."

"எனக்கு வேற வழி இல்ல. எங்கப்பா இந்தக் கட்டுரைய ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க."

"எங்கம்மா சர்ச்ல சாட்சியே சொல்லிட்டா."

"அப்ப ஒனக்குத் தெரியும்லா எனக்கு எப்பிடி இருக்கும்னு" என்று அழுதாள். அழுகிறவளை அறைய முடியுமா? கதவைச் சாத்திக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அழிக்கப்பட்ட நான்கு வரியில் என் பெயர் மட்டும் இல்லை. 'வேறு ஜீனுக்குப் போட்டால் தப்பாக வரும்' என்பதும் அதில்தான் இருந்தது. பெயரைத் துடைக்கிற அவசரத்தில் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள். படித்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது. அதைச் சொன்னால் செத்தாள். நாளைக்குச் சொல்லத்தான் போகிறேன்.

செப்டம்பர் 18, புதன்

விசாரணைக் குழு போட்டுவிட்டார்கள். துறைத்தலைவர் மேடமும் வேறு துறைகளிலிருந்து இரண்டு பேரும். 24-ம் தேதி காலை. என்னுடைய மூலப்பிரதியைக் கொடுத்துவிட்டேன். எழுதியது நான்தான் என்பதற்கு அது சாட்சி, எச்சரிக்கை எழுதி வைத்ததற்கும் சாட்சி. ஆனால் நான் கொடுக்கவில்லை, அவளாக எடுத்தாள் என்பதற்கு எதுவும் இல்லை. "வாய்ச்சொல்லுக்கு எதிரா வாய்ச்சொல்லு. தேதி போட்ட எழுத்து ஏதாச்சும் இருக்கா?" என்று மேடம் கேட்டார்.

இருக்கிறது. ஜூன் 28. ஜூலை 16. ஜூலை 17. எல்லாம் இந்த நாட்குறிப்பில் அன்றன்றைக்கே எழுதியது. "இருக்கு மேடம்" என்று உடனே சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் அப்படித்தான், எனக்கு முன்னால் ஓடும்.

செப்டம்பர் 23, திங்கள்

ஜூலை 25-ஐ எடுத்துப் படித்தேன். நாலு தடவை படித்தேன்.

தேதி அச்சடித்த நாட்குறிப்பு இது, நாளுக்கு ஒரு பக்கம். ஒரு தாளைக் கிழித்தால் பல் போன வாய் மாதிரி தெரியும். மேல்மாடித் தண்ணீர் ஒழுகி நனைந்துவிட்டது என்று அந்த ஒரு பக்கத்தை மட்டும் நனைக்கலாம். யோசிக்காமல் இல்லை. நாட்குறிப்பைக் குழாயடி வரைக்கும் கொண்டுபோனேன்.

சட்னி இல்லை. அன்றைக்கு நான் சாப்பிட்டது இட்லியும் பொடியும். படத்தைப் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. மூன்றும் AGA என்று திறந்து பார்க்காமலே தெரியும். அதற்காக மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தவள் நான், எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? சொன்னால் கட்டுரை போயிற்று. கட்டுரை போனால் இரண்டாவது பெயர் போயிற்று, டிசம்பர் போயிற்று. அதனால் துணி துவைத்தேன். முழுக் காரணமும் அது அல்ல. என் பெயரை அழித்தவள் என் தப்பு இல்லாமல் அவளாகவே போய் விழட்டும் என்றும் இருந்தது. இதை இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

நாளை முழுதாகக் கொண்டுபோகிறேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நாட்குறிப்பைக் குழு வாங்கி வைத்துக்கொண்டது. இதை ஆய்வகத்துப் பழைய பிரிண்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

மேடம் முதலில் ஜூன் 28-ஐப் படித்தார், பிறகு ஜூலை 16. கோமதியிடம், "அவங்க குடுத்ததா எழுதியிருக்கீங்களே, இதுல அப்பிடி இல்லையே" என்றார். என் பக்கம் ஜெயித்துவிட்டது என்று ஒரு நிமிஷம் இருந்தேன். அப்புறம் அவர் பக்கத்தைத் திருப்பினார். ஜூலை 25-ஐ வாய்விட்டுப் படித்தார். சட்னி, பெட்ஷீட், நாலு சுடிதார், எல்லாம்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"சந்தேகம் இருந்துச்சு மேடம்."

"AGA-வான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மறுநாள் கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

"தெரியும் மேடம்" என்றேன்.

சுடலைமுத்து சார் ஓரமாக உட்கார்ந்திருந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். கோமதி எடுத்ததும் பொய் சொன்னதும் பதிவாகும். நான் தெரிந்தே கையெழுத்துப் போட்டதும் பதிவாகும். இரண்டு பேரும் ஒரு வருடத்துக்கு ஆய்வேடு கொடுக்க முடியாது. திரும்பப் பெறும் அறிவிப்பில் மூன்று பெயரும் வரும், சார் பெயரும்தான்.

அறைக்கு வந்தபோது கோமதி பாத்திரங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடையது ஒரு பெட்டியில், என்னுடையது அலமாரியில். ஐந்து வருடமாக எது யாருடையது என்று எனக்கே மறந்துவிட்டது. அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"கேக்காம எடுத்தேன். பேர அழிச்சேன். குழுவுல பொய்யும் எழுதிக் குடுத்தேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "அதெல்லாம் நான் செஞ்சது. இல்லங்கல. ஆனா அந்த மூணு எழுத்து தப்புன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுட்டி. ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. சாருக்குப் பொன்னாட போத்தும்போது தெரியும். நான் மேடையில நின்னு பேசும்போது தெரியும்."

"எம் பேரு ஒன் வாயில வரலியே கோமதி."

"வரல. அதுக்கு நீ எந்திரிச்சு வந்து என் கன்னத்துல அறஞ்சிருக்கலாம். முன்னால ஒக்காந்து கை தட்டுனல்லா நீ?"

அவள் பெட்டியைக் கட்டி முடிக்கும் வரை நின்றேன். கயிறு பற்றவில்லை, என் கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். கதவுப் பக்கம் போய்ப் பதிலுக்காக நின்றாள்.

"தட்டினேன்" என்றேன்.